வாக்னர் சங்கீதமும் யூதர்களின் ஆக்ஷேபமும்

ஒரு சங்கீத வித்வானின் அரசியல் அபிப்பிராயம் நமக்குக் கசந்தால், அவருடைய சங்கீதத்தையும் நாம் விலக்கவேண்டுமா? எளிய உதாரணங்களைக் கொண்டு இதற்கு விடை சொல்லி, தாராள மனம் படைத்தவர்கள் என்று பெயர் வாங்குவது சுலபம். ஆகையால் மிகக் கடினமான உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். அது ஜெர்மானிய மேதை ரிச்சர்டு வாக்னரின் விஷயம்.

அவருடைய குற்றத்தைப் பூசி மெழுக நாம் விரும்பவில்லை. 1850-ல் புனைபெயரில் ஒளிந்துகொண்டு, சங்கீதத்தில் ஈடுபட்ட யூதர்களைத் தூஷித்து அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆத்திரத்தில் எழுதியது என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. 1869-ல் அதையே விரித்துத் தம் சொந்தப் பெயரில் மறுபடியும் பிரசுரித்தார். 1882-ல் அவருடைய ‘பார்சிபால்’ அரங்கேறியபோது வாத்திய கோஷ்டியை நடத்திவைத்த ஹெர்மன் லெவியோ, யூத மதகுரு ஒருவரின் புதல்வர். அவருடைய வித்தை வேண்டும், அவருடைய குலம் மட்டும் ஆகாது போலும்!

வாக்னர் இறந்தது 1883-ல். ஹிட்லர் பிறந்தது 1889-ல். நாஜிகளின் கொலைகளை வாக்னர் தலையில் சுமத்துவது நியாயமல்ல. ஆயினும் நாஜிகள் அவரைத் தங்கள் குலதெய்வமாகவே கொண்டாடினார்கள். 1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் ஆலயங்களும் சூறையாடப்பட்டதும், பாலஸ்தீன வாத்திய கோஷ்டியார் தங்கள் நிகழ்ச்சியிலிருந்து வாக்னரை நீக்கினர். அதுவரை அவர்கள் அவரை வாசித்தே வந்தவர்கள். இஸ்ரேல் ராஜ்யம் ஏற்பட்ட பின்பும், சட்டம் எதுவும் இல்லாமலேயே இவ்விலக்கு வழக்கமாக நீடித்தது.

1981-ல், பம்பாயில் பிறந்த நம் ஜூபின் மேத்தா டெல் அவீவில் வாக்னரை வாசிக்கத் துணிந்தார். அரங்கப் பணியாளர் ஒருவர் மேடைக்குச் சென்று, சட்டையைத் திறந்து தம் உடலிலிருந்த வடுக்களைக் காட்டினார். அந்த வடுக்களிடம் கலைக்கு அரசியல் இல்லை என்று பேச நமக்கு நா எழாது.

2001 ஜூலையில் யூதரான டேனியல் பாரன்பாய்ம் ஜெருசலேமில் கையாண்ட முறையே நமக்குச் சரியாகப் படுகிறது. குறித்த நிகழ்ச்சியை முடித்துவிட்டு, வாக்னரை வாசிக்கலாமா என்று சபையோரையே கேட்டார். அரைமணி நேரம் விவாதம் நடந்தது. ‘பாசிஸ்ட்’ என்ற கூச்சலும் எழுந்தது. விரும்பாதவர்கள் வெளியேறினர். மிகுந்திருந்த பெரும்பாலோர் கேட்டு மகிழ்ந்தனர். பிறகு இஸ்ரேல் பார்லிமெண்டுக் கமிட்டி ஒன்று, அவர் மன்னிப்புக் கேட்கும்வரை அவரைப் பகிஷ்கரிக்கவேண்டுமென்று கூறியதை நாம் ஒப்புக்கொள்ளமுடியாது. பகிஷ்காரம் என்பது தானே விரும்பி, தனக்கு இன்பமான ஒன்றைத் துறப்பது. அடுத்தவன் காதைப் பொத்துவதற்கு வேறு பெயர் உண்டு.

அன்று எழுந்து சென்றவர்களும் நம் மரியாதைக்கு உரியவர்களே. அவர்களைக் கலைரசனை இல்லாதவர்கள் என்று எள்ளுவோர், வாக்னரின் துவேஷத்தை அற்ப விஷயமாக்குகிறார்கள். இசையை ரசிப்பதற்காக அதை இயற்றியவரை உத்தமராக்கவேண்டிய அவசியம் என்ன வந்தது? ‘டிரிஸ்டன்’ இசை எவ்வளவு உயர்ந்ததோ, அந்தக் கட்டுரை அவ்வளவு இழிந்தது. வாக்னரை வாசிக்கும் சபைகள், அச்சிட்டு வழங்கும் குறிப்பில் அவருடைய மேதையைப் புகழ்வதோடு, 1850, 1869 பிரசுரங்களையும் ஒளிக்காமல் சொல்லட்டும். அதைப் படித்துவிட்டு, இருக்க விரும்புவோர் இருந்து கேட்கட்டும்.