உறுதி கைக்கு வருமுன்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் லயன் அறையிலே பிறந்து, அதே அறையில் முதுமை எய்திய நம்மவர்க்கு வாடகை வீடு என்பது அயலூர்ச் செய்தியாகவே இருந்து வந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. பெயர்ப்பலகைதான் மாறிற்றேயன்றி, அறையின் உரிமை அதில் குடியிருந்தவனைத் தேடி வரவில்லை.

இன்றோ காலம் சற்றே கனிந்திருக்கிறது. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் ஊழியர் சேமலாப நிதியைப் பெறுகின்றனர். கொழும்பிலே தொழில் பார்க்கும் பிள்ளையும் மாதந்தோறும் பணம் அனுப்புகிறான். பலாங்கொடையிலோ பெல்மதுளையிலோ சிறு வீடொன்றை வாங்கி வாடகைக்கு விட்டால் முதுமைக்குக் கஞ்சி கிடைக்குமே என்று பெற்றோர் எண்ணுவது இயல்பு. நல்ல எண்ணந்தான். ஆயினும், பரம்பரையில் எவருமே உறுதிப் பத்திரத்தைக் கையில் தொட்டறியாத குடும்பமே முதலில் ஏமாறுகிறது என்பதை நாம் மறத்தலாகாது.

முத்திரை ஒட்டிய வெறுந்துண்டில் இருவர் கையொப்பமிட்டால் வீடு கைமாறிவிட்டது என நம்புவோர் இன்னும் உளர். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்படாத காணி விற்பனை செல்லாது. எழுதினால் மட்டும் போதுமா? காணிப் பதிவகத்தில் பதிந்தாக வேண்டும். பதியாத முந்திய உறுதி, பின்னர் நேர்மையாய்ப் பணம் கொடுத்து வாங்கி முதலிற் பதிந்தவனின் உறுதிக்கு முன் நில்லாது. ஆகவே முற்பணம் கொடுப்பதற்கு முன்பே, அக்காணியின் கடந்த முப்பது ஆண்டுப் பதிவுகளை நொத்தாரிசைக் கொண்டு பார்வையிடுவது வழக்கம். அதற்காகும் செலவை வீண்செலவென எண்ணுபவர், பின்னர் வழக்கறிஞருக்கு அதனினும் பன்மடங்கு கொடுக்க நேரும்.

இப்பகுதியில் உறுதிகள் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படுகின்றன. படித்து விளக்குவது நொத்தாரிசின் கடமை; கேட்டறிவது நம் உரிமை. புரியாததைப் புரியவில்லை எனச் சொல்வதில் என்ன வெட்கம்? சிங்களம் பயிலும் மகளோ மருமகனோ உடனிருப்பது நலம்.

மற்றொன்று: விற்பவர் காட்டும் பத்திரம் அரசாங்கம் அளித்த அனுமதிப் பத்திரமோ அளிப்புப் பத்திரமோ எனில், பிரதேச செயலாளரின் இசைவின்றி அக்காணியை விற்க இயலாது. "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்பாரிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

வீட்டில் ஏற்கெனவே குடியிருப்பவர் உளரோ எனவும் விசாரித்தல் வேண்டும். நம் நாட்டில் வழங்கும் ரோமன்-டச்சுச் சட்டம், விற்பனையினும் வாடகையே மேலானது எனக் கொள்கிறது. வீட்டோடு வாடகைக்காரரும் சேர்ந்தே வருவார் என்க! அவர் செலுத்தும் தொகை பழைய காலத்துச் சிறு தொகையாயின் உங்கள் கணக்கெல்லாம் தலைகீழாகும்.

கணக்கென்றதும் நினைவு வருகிறது. பெலிஹுல்ஓயாவில் சப்பிரகமுவ பல்கலைக்கழக மாணவர்க்கு அறை விடலாம் என ஆசைப்படுவோர் விடுமுறை மாதங்களையும் எண்ணுக. ஆண்டிற்குப் பன்னிரு மாத வாடகை என்பது காகிதத்தில் மட்டுமே. பத்து மாதமெனக் கொண்டு, அதிலிருந்து சோலைவரியையும் கூரைப் பழுதையும் கழித்து மிஞ்சுவதே வருமானம். அது வங்கி வட்டியினுங் குறைவெனில் வீடு வாங்க அவசரம் ஏன்?

இறுதியாக, மழை. 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் மலையே சரிந்ததையும், 2003இலும் 2017இலும் களுகங்கை இரத்தினபுரியை மூழ்கடித்ததையும் நாம் கண்டோம். சரிவிலுள்ள காணியாயின் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தைக் கேட்பது அவசியம். தாழ்ந்த இடமாயின், விற்பவரை அன்று, பக்கத்து வீட்டு மூதாட்டியைக் கேளுங்கள். வெள்ளம் எதுவரை வந்ததெனச் சுவரிலே கைவைத்துக் காட்டுவார்.