வெனிஸ்னு பேர் வச்சா மட்டும் போதுமா?

சனி ஞாயிறோட ஒரு திங்கள் சேர்ந்து லீவு வந்துட்டா போதும். எங்க வாசுதேவநல்லூர் வழியா போற கொல்லம் ரோட்டுல வெள்ளிக்கிழமை ராத்திரியே வேன்கள் வரிசை கட்டிரும். பாதி வண்டி குற்றாலத்துக்கு. மீதி புளியரை செக்போஸ்ட் தாண்டி, ஆரியங்காவு, புனலூர், கொல்லம்னு போய் ஆலப்புழாவுல நிக்கும்.

ஏன் ஆலப்புழான்னு கேட்டா, "வெனிஸ் போக நமக்கு எங்க வசதி டாக்டர்? அதான் கிழக்கின் வெனிஸ்" அப்படிங்கிறாங்க.

போங்க. டூர் போகாதீங்கன்னு சொல்ற டாக்டர் நான் இல்ல. வருஷம் பூரா வேலை பார்க்கிற மனுஷனுக்கு மூணு நாள் தண்ணியும் தென்னை மரமும் பார்க்கிறது மருந்து மாதிரிதான்.

ஆனா போன வாரம் லைஃப் ஜாக்கெட் பத்தி நாலு வரி எழுதினதுக்கு வந்த கமெண்டுகளைப் படிச்சுட்டு சும்மா இருக்க முடியல. "அதைப் போட்டா போட்டோ நல்லா வராது." "எனக்கு நீச்சல் தெரியும்." "விதி முடிஞ்சா வீட்ல உக்காந்திருந்தாலும் போவான்." மூணுக்கும் பதில் சொல்றேன், கொஞ்சம் கோபமாவே சொல்றேன். பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த வெனிஸ். கால்வாய்கள் ஓடுற அந்தப் பழைய நகரத்துக்குள்ள கார், பைக் எதுவும் கிடையாது. பஸ்ஸுக்குப் பதில் போட். குப்பை அள்றது போட்ல. பிணம் போறதும் போட்ல. ஆம்புலன்ஸும் போட்தான், ஆஸ்பத்திரி வாசல் படித்துறையில வந்து நிக்கும். (இதைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது உண்மை.)

அந்த ஊர் வர்றவனுக்கெல்லாம் சட்டம் போட்டு வாழ்ந்த ஊர். பிளேக் நோயாளிகளை வைக்கிறதுக்குன்னே 1423-ல ஒரு தீவுல ஆஸ்பத்திரி கட்டினாங்க. கொள்ளைநோய் காலத்துல சரக்குக் கப்பல்களை வெளியவே நிறுத்தி வச்சாங்க. கொரோனாவுல நாம தினமும் சொன்ன 'குவாரண்டைன்'ங்கிற வார்த்தையே, அவங்க பேச்சுல 40 நாளைக் குறிக்கிற சொல்லுல இருந்து வந்ததுதான். பெரிய சொகுசுக் கப்பல்கள் ஊருக்கு நடுவுல போறதை 2021-ல நிறுத்தினாங்க. 2024-ல இருந்து, கூட்டம் அதிகமான நாட்கள்ல காலையில வந்து சாயங்காலம் போறவங்ககிட்ட நுழைவுக் கட்டணம், ஆரம்பிச்சப்ப 5 யூரோ. கால்வாய்ல குதிச்சுக் குளிச்சா அபராதம்.

அந்தப் பேரை மட்டும் நாம வாங்கிக்கிட்டோம். சட்டத்தை அங்கேயே விட்டுட்டோம்.

ஆலப்புழா மக்களை நான் குறை சொல்லல. 18-ஆம் நூற்றாண்டுல திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் கால்வாய் வெட்டி வளர்த்த துறைமுகம் அது. மிளகும் கயிறும் அந்தத் தண்ணி வழியாத்தான் போச்சு. இன்னைக்கும் குட்டநாட்டுல பிள்ளைங்க பள்ளிக்கூடம் போறது அரசு போட்ல. தண்ணியோட மரியாதை அவங்களுக்குத் தெரியும், பட்டும் தெரியும். மலையாள மகாகவி குமாரன் ஆசான் செத்ததே 1924 ஜனவரியில, ஆலப்புழா பக்கத்துல பல்லனையில போட் கவிழ்ந்துதான். 2002-ல குமரகத்துல பயணிகள் போட் மூழ்கி 29 பேர்.

இப்ப டூர் போனவங்க கதைக்கு வருவோம்.

2009 செப்டம்பர் 30, தேக்கடி. 45 பேர். தமிழ்நாட்டுல இருந்து போனவங்களும் அதுல உண்டு.

2011 டிசம்பர் 25, பழவேற்காடு. 22 பேர். இது கேரளா இல்ல, நம்ம திருவள்ளூர் மாவட்டம். அதனால "மலையாளி போட்காரன் சரியில்ல"ன்னு தயவுசெஞ்சு ஆரம்பிக்காதீங்க.

2023 மே 7, மலப்புறம் மாவட்டம் தானூர். மீன்பிடி போட்டை மாத்திக் கட்டினது, ஆள் அதிகம், பொழுது சாஞ்ச நேரம். 22 பேர், நிறைய குழந்தைங்க.

பழவேற்காட்டுல கிறிஸ்துமஸ் ஞாயிறு. தானூர்ல கோடை லீவு ஞாயிறு. தேக்கடியில பூஜை லீவை ஒட்டின கூட்டம். லீவு நாள்ல போட்காரருக்கு இன்னும் பத்து பேரை ஏத்தணும், நமக்கு எப்படியாவது ஏறிடணும். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு வார்த்தை: "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

வைக்கோல் லாரி பார்த்திருப்பீங்க. உயரமா பாரம் ஏத்தினது ஒரு திருப்பத்துல எப்படிச் சாயும்னு தெரியும்ல? மாடி வச்ச போட்டும் அதேதான். எல்லாரும் மேல ஏறி, "அங்க பாரு யானை"ன்னு ஒரே பக்கம் ஓடினா அது சாயும். சாஞ்சு கவிழ எத்தனை நொடி ஆகும்னு நினைக்கிறீங்க? சீட்டுக்கு அடியில கிடக்கிற லைஃப் ஜாக்கெட்டை எடுத்து வார் மாட்டுற அளவுக்கு நேரம் இருக்காது. அதனால ஏறும்போதே போடணும்.

நீச்சல் தெரிஞ்ச அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை. நீங்க நீச்சல் கத்துக்கிட்டது நம்ம ஊர் கிணத்துல, டிரவுசரோட, பகல்ல, நீங்களா குதிச்சு. இங்க ஜீன்ஸும் செருப்புமா, எதிர்பாராம, தலைக்கு மேல கவிழ்ந்த போட்டோட கூரைக்கு அடியில கிடப்பீங்க. பக்கத்துல நீச்சல் தெரியாத நாலு பேர் உங்க கழுத்தைப் பிடிச்சுத் தொங்குவாங்க. அந்தக் கிணத்து நீச்சல் இங்க எவ்வளவு தூரம் வரும்?

ஓடுற போட்டை விட, ராத்திரி கரையில கட்டிப் போட்ட ஹவுஸ்போட்டை நினைச்சுத்தான் எனக்குப் பயம் அதிகம். சாயங்காலத்துக்கு மேல அதை ஓட்ட மாட்டாங்க, மீனவங்க வலை போடுற நேரம். அப்பதான் நம்ம ஆட்கள் பாட்டிலைத் திறப்பாங்க. குடிச்சவனுக்கு முதல்ல போறது நிதானம். இருட்டுல ஒண்ணுக்குப் போக ஓரத்துக்கு வர்றது, போட்டுக்கும் கரைக்கும் நடுவுல கால் வைக்கிறது. சத்தமே கேட்காது. சினிமாவுல காட்டுற மாதிரி முங்குறவன் கைதூக்கி "காப்பாத்துங்க"ன்னு கத்த மாட்டான். மூச்சுக்கே வழியில்லாதப்ப சத்தம் எங்க இருந்து வரும்? குழந்தைங்க இன்னும் அமைதியா போயிடுவாங்க, நீங்க ரெண்டடி தள்ளி செல்ஃபி எடுத்துக்கிட்டு இருக்கும்போதே.

தண்ணியில இருந்து தூக்கின பிள்ளையைத் தலைகீழாப் பிடிச்சு சுத்துறது, வயித்தை அமுக்கித் தண்ணி எடுக்கிறது, ரெண்டும் வேண்டாம். வயித்துல உள்ள தண்ணி மேல வந்து நுரையீரலுக்குள்ள போகும், நேரமும் போகும். மூச்சு நின்னா 4 நிமிஷத்துக்கு மேல ஒவ்வொரு நிமிஷமும் மூளைக்கு நஷ்டம். தட்டையான இடத்துல மல்லாக்கப் போடுங்க. மூச்சு இல்லன்னா முதல்ல மூக்கைப் பிடிச்சு வாயோட வாய் வச்சு ஊதுங்க. அப்புறம் நடு நெஞ்சுல 30 அமுக்கு, 2 ஊது, திரும்ப 30. இன்னொருத்தர் 108-க்கு அடிக்கட்டும், கேரளாவிலயும் அதே நம்பர்தான். எழுந்து உக்காந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. சில மணி நேரம் கழிச்சு மூச்சு திணறுறது உண்டு.

இன்னொண்ணு. திரும்பி வந்து ஒண்ணு ரெண்டு வாரத்துல காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்புன்னு வந்தா, "சார், அந்தக் காயல் தண்ணியில இறங்கினேன்"னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. எலிக்காய்ச்சலா இருக்கலாம். ஆரம்பத்துல விலை குறைஞ்ச மாத்திரையில சரியாகும், விட்டா கிட்னி வரைக்கும் போகும். நீங்க சொல்லலைன்னா வாசுதேவநல்லூர்ல உக்காந்திருக்கிற டாக்டருக்கு வேம்பநாட்டு ஏரி எப்படி ஞாபகம் வரும்?

கடைசியா விதி. விதியை நம்புற அதே ஆளு, வேன் கிளம்புறதுக்கு முன்னாடி டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கிறார், டிரைவர் தூங்கிடுவாரோன்னு பக்கத்துல முழிச்சு உக்காந்து பேச்சுக் கொடுத்துக்கிட்டே வர்றார். ரோட்டுல விதியை நம்பாதவருக்கு தண்ணியில மட்டும் எப்படி நம்பிக்கை வருது?

2021-ல வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி போட்டுக்குப் பதிவு இருக்கணும், உயிர்காப்புச் சாதனங்கள் இருக்கணும். எத்தனை பேர் ஏறலாம்னு எழுதிப் போட்டிருப்பாங்க. எண்ணிப் பாருங்க. கூடுதலா இருந்தா குடும்பத்தோட இறங்கிடுங்க, அட்வான்ஸ் போனா போகட்டும்.

அடுத்த லீவுக்கு வேன் பேசியாச்சுன்னா, போட்காரருக்கு இன்னைக்கே ஒரு போன் போட்டு, குழந்தை சைஸ் லைஃப் ஜாக்கெட் எத்தனை இருக்குன்னு கேளுங்க. பெரியவங்க ஜாக்கெட்டை அஞ்சு வயசுப் பிள்ளைக்கு மாட்டினா, தண்ணியில ஜாக்கெட் மேல நிக்கும், பிள்ளை அதுக்குள்ள இருந்து நழுவிக் கீழ போயிடும்.