கூலியா? பிச்சையா?

வேலையில்லாதவனுக்குச் சர்க்கார் சும்மா ஏன் சோறு போட வேண்டும், வாங்குகிற உதவிக்கு உடம்பை வளைத்து வேலை செய்யட்டுமே என்பதாக ஒரு பேச்சு கம்பம் பள்ளத்தாக்கில் பலமாய் நடந்து வருகிறது. உத்தமபாளையம் தாலுகாவில் நிலமுடையோர் நாலுபேர் கூடினால், ரேஷன் அரிசியும் நூறு நாள் வேலையும் சேர்ந்து ஜனங்களைச் சோம்பேறிகளாக்கி விட்டன, நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை என்பதே புலம்பலாயிருக்கிறது. மேலுக்குக் கேட்டால் இது நியாயம் போலவே தோன்றும். ஆகவே இதைச் சற்று பகுத்தறிவைக் கொண்டு பரிசோதித்துப் பார்ப்போம்.

முதலாவது, இங்கு சோம்பேறி யார்? முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரால் இப்பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் நிலம் 14,707 ஏக்கர். அதில் 11,807 ஏக்கர் உத்தமபாளையம் தாலுகாவிலேயே இருக்கிறது. நடவுக்குச் சில நாள், களைக்குச் சில நாள், அறுப்புக்குச் சில நாள் வேலை. அறுப்பிலும் பெரும்பங்கை இயந்திரம் எடுத்துக்கொண்டது. மற்ற நாட்களில் வயலில் பயிர் வளரும். கூலிக்காரன் வீட்டில் கடன் வளரும். இது தலைவிதியுமல்ல, பூர்வஜன்மப் பலனுமல்ல. நிலம் ஒருவனிடமும் கை வேறொருவனிடமும் இருப்பதன் பலன். விடியுமுன் எழுந்து, ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறி, இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் உழைத்துவிட்டு இருட்டில் வீடு திரும்பும் நம் பெண்களைச் சோம்பேறிகள் என்றால், அந்தச் சொல்லுக்கு அர்த்தந்தான் என்ன?

இந்த மலைக்கு அப்பால் இருந்த திருவாங்கூர் சமஸ்தானத்தில் ஊட்டுப்புரைகள் என்று வைத்து, ஜனங்கள் கொடுத்த வரிப்பணத்தில் பார்ப்பனர்களுக்கு இலவசமாய்ச் சாப்பாடு போட்டார்கள். உண்டவர்களில் ஒருவரையாவது, நாலு கூடை மண் சுமந்துவிட்டு இலையில் உட்கார் என்று கேட்டதுண்டா? அங்கே இலவசச் சோற்றுக்குத் தர்மம் என்று பெயர். உழுது விளைவித்தவனுக்குக் கொடுத்தால் மாத்திரம் அது சோம்பேறித்தனத்துக்கு வழியாகி விடுகிறதாம்! இன்றைக்கும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருக்கும் படித்தவர்களுக்குத் தமிழக சர்க்கார் சாதாரணமாக, படிப்புக்குத் தக்கபடி மாதம் 200 முதல் 600 ரூபாய் வரை உதவித்தொகை கொடுக்கிறது. அவர்களை மண் வெட்டச் சொல்வதில்லை; சொல்லவும் கூடாது. ஆனால் படிக்க விடாமல் வைக்கப்பட்டவன் விஷயத்தில் மட்டும் கடப்பாரை ஞாபகத்துக்கு வருகிறதே, ஏன்?

நிற்க, உதவிக்கு வேலை என்ற இந்தத் தத்துவம் புதிதல்ல. இங்கிலாந்தில் 1834ஆம் வருஷத்து ஏழைகள் சட்டம், உதவி பெறுகிறவன் நிலைமை கடைசிக் கூலிக்காரன் நிலைமையைவிடக் கேவலமாயிருக்க வேண்டும் என்பதையே கொள்கையாகக் கொண்டது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் அதே புத்தி சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இந்திய சர்க்காரின் தூதராய் வந்த ரிச்சர்ட் டெம்பிள், 1877இல், நாளெல்லாம் மண் வெட்டும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று ஏற்படுத்தினார். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோகூட இல்லை. எலும்பும் தோலுமாய்ப் போகிறார்கள் என்று மாகாணச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். சில மாதம் சென்று கூலியை உயர்த்தினார்கள். செத்தவர்கள் திரும்பி வரவில்லை.

சுதந்திரம் வந்த பிறகும் இந்தப் புத்தி போகவில்லை. ராஜஸ்தான் சர்க்கார் பஞ்ச நிவாரணம் என்ற பெயரால் ரோடு போடச் செய்து, சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்தது. கேட்டதற்கு, இது உதவிதானே, கூலிச் சட்டம் இதற்கில்லை என்றது. 1983இல் சுப்ரீம் கோர்ட் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பசிக்குப் பயந்து குறைந்த கூலிக்கு உழைப்பதும் கட்டாய உழைப்பே, அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவுக்கு விரோதமே என்று தீர்ப்பளித்தது. நம் கிராமங்களில் கூலியில்லாமல் வாங்கிய வேலைக்கு வெட்டி என்று பெயர். அப்படி உழைத்தவனின் பெயரையே இன்று வேலையில்லாதவனுக்கு வசவாக்கி, வெட்டிப்பயல் என்கிறோம்!

ஆகவே நம்முடைய அபிப்பிராயம் இதுதான். சர்க்காருக்கு வேலை வேண்டுமானால் வேலை கொடுக்கட்டும், முழுக் கூலி கொடுக்கட்டும். அப்போது அது உதவியல்ல, சம்பாத்தியம். வேலை கொடுக்க முடியாவிட்டால் உதவி கொடுக்கட்டும். அதற்கு விலையாக உழைப்பைக் கேட்க வேண்டாம். இரண்டையும் ஒன்றாக்கி, கூலியைப் பிச்சை என்று சொல்லிக் குறைப்பதும், பிச்சையைக் காட்டி வேலை வாங்குவதும் வெட்டியைத் தவிர வேறல்ல.

2005ஆம் வருஷத்து நூறு நாள் வேலைச் சட்டம் இந்த நியாயத்தை ஓரளவு ஒப்புக்கொண்டது. வேலை கேட்டு 15 நாளில் கிடைக்காவிட்டால், முதல் 30 நாளுக்குக் கூலியில் காற்பங்குக்கும், பிறகு அரைப்பங்குக்கும் குறையாமல் படி கொடுக்க வேண்டும் என்றது. நடந்ததென்ன? 2025-26இல் தமிழ்நாட்டில் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய் என்று ஏட்டில் இருந்தது. அதற்கு முந்திய வருஷம் செய்த வேலைக்கே கூலி வராமல், 1,056 கோடி ரூபாயைக் கொடுங்கள் என்று 2025 ஜனவரியில் தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழையதற்குப் பதிலாக நிறைவேற்றிய சட்டம் நாளை 125 ஆக்கியது. ஆனால் விதைப்பும் அறுப்பும் நடக்கும் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் இடம் வைத்தது. அதாவது, கூலியை நாலு காசு உயர்த்திக் கேட்கக்கூடிய காலம் எதுவோ, அந்தக் காலத்தில் அவனுக்கு வேறு போக்கிடம் இருக்கக் கூடாது! மிராசுதார் புலம்பலே சட்டமாகி விட்டது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருளுண்டா?

உழைப்பை நாம் இழிவென்று சொல்லவில்லை. உழைக்காமல் உண்பதைக் கண்டித்து வந்த இயக்கம் இது. உழைப்பவன் தலைகுனிந்து வாங்கக் கூடாது என்பதே நம் வாதம். தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போனவர்களில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் பெண்கள். தன் பெயரில் வந்த கூலியைத் தன் கையால் எண்ணிய பெண், புருஷனிடத்திலும் பண்ணையாரிடத்திலும் நிமிர்ந்து பேசினாள். சிலருக்கு ஆள் கிடைக்காத வருத்தத்தைவிட இந்த வருத்தமே பெரிது போலும்.

தோழர்களே! வேலை வேண்டுமென்று வாயால் கெஞ்சாதீர்கள். எழுத்து மூலம் கேளுங்கள். தேதி போட்ட ரசீது வாங்குங்கள். பதினாறாம் நாள் வேலை வராவிட்டால் படியைக் கேளுங்கள். அது யாருடைய தயவுமல்ல.