எந்தப் பேனா வாங்குவது?

துடியலூர் நேயர் ஒருவர் பௌண்டன் பேனா சேகரிக்கத் தொடங்கியிருக்கிறாராம். உயர்ந்த ரகத்தில் முதலில் எதை வாங்கலாம் என்று நம்மைக் கேட்கிறார்.

2009-ல் மோன்ட்பிளாங்க் கம்பெனியார் காந்தியடிகளின் பெயரால் ஒரு பேனா வெளியிட்டனர். தங்க முள்ளில் மகாத்மாவின் உருவம். மொத்தம் 241 பேனாக்கள். தண்டி யாத்திரையின் மைல் கணக்காம்! விலையோ 11 லட்ச ரூபாய்க்கு மேல். துண்டுப் பென்சில் காணாமற்போனதற்குத் தேடி அலைந்தவர் அவர். கேரள உயர்நீதிமன்றத்தில் வழக்கு எழுந்து, 2010-ல் இந்நாட்டில் அதன் விற்பனை நின்றது.

காந்திஜியின் கைக்கே சென்ற பேனா வேறு. சுதேசிப் பேனா வேண்டுமென்ற அவர் விருப்பத்தை ஏற்று ராஜமகேந்திரபுரத்து ரத்னம் செய்தது அது. அந்நியப் பேனாவுக்கு அது ஈடாகும் என்ற கருத்துப்பட மகாத்மா 1935-ல் நன்றிக் கடிதம் எழுதினார். எபனைட் கட்டையைக் கையால் கடைந்து செய்வது. மையைச் சொட்டுக் குழலால் நேரே உடலுக்குள் விடவேண்டும். மை குறைந்தால் கைச்சூட்டில் உள்காற்று விரிந்து சொட்டு விழும் என்பது உண்மையே. அதற்குமுன் நிரப்பிக்கொள்வதே பரிகாரம்.

பெட்டியில் பூட்டிவைக்கத் தங்கம் போதும். எழுதுவதற்கென்றால் நேயர் ரத்னம் பேனாவையே முதலில் தேடட்டும். வாங்குமுன் தாம் வழக்கமாக எழுதும் காகிதத்தில் ஒரு பக்கம் எழுதிப் பார்க்கட்டும்.