புறப்பட்ட ஊருக்கே திரும்பிய பணம்

சிங்கப்பூர் சைனாடவுனின் பழைய கடைவீடுகளை வைத்துச் சீன வரைபடம் போட உட்கார்ந்தால் ஒரு மூலைதான் தேறும். தெலுக் ஆயர் பக்கம் ஹொக்கியன்காரர்கள், கிரேத்தா ஆயரில் கேண்டனீஸ்காரர்கள், ஆற்றோர போட் கீயில் தியோச்சூக்காரர்கள். பெரும்பாலும் ஃபூஜியான், குவாங்டொங் என்ற இரண்டு தென்கரை மாநிலத்து ஆட்கள். பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸில் சிச்சுவான் மிளகாய் நெடி மூக்கில் ஏறுவதெல்லாம் அண்மைக் கதை.

1935-இல் ஹூ ஹுவான்யொங் என்ற புவியியலாளர் சீன வரைபடத்தில் வடகிழக்கிலிருந்து தென்மேற்குக்கு ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்குத் தென்கிழக்கே நிலம் 36 விழுக்காடு. மக்களோ 96 விழுக்காடு. ஆனால் நெரிசல் மட்டும் யாரையும் கப்பலேற்றிவிடாது. யாங்சீ சமவெளியிலும் நெரிசல்தான். ஃபூஜியானுக்கு முதுகில் மலை, எதிரே கடல். எட்டுப் பங்கு மலை, ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு வயல் என்று அங்கே சொல்வார்கள். அந்த ஒரு பங்கை நம்பி எத்தனை பேர் உண்பது? அங்கிருந்து வந்தவர்கள் 1839-1842இல் தியான் ஹொக் கெங் கோயிலைக் கட்டியபோது கடல்காக்கும் மாசூ அம்மனையே மூலவராக வைத்தார்கள். அன்று கடல் தெலுக் ஆயர் தெருவை ஒட்டியே கிடந்தது.

சட்டமும் ஆளைப் பொறுக்கி எடுக்கும். 1933-இல் சீன ஆண்களின் வருகைக்கு இருந்த வரம்பு இறுகியது. பெண்களுக்கு 1938 வரை இல்லை. அந்த இடைவெளியில் சான்ஷுய் பகுதிப் பெண்கள் வந்து, சிவப்புத் தலைத்துணியோடு கட்டுமானத்தில் மண் சுமந்தார்கள்.

நம் கதையும் வேறல்ல. அதே தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா, 1828-1830இல் எழுந்தது. சவுத் பிரிட்ஜ் சாலையில் நாராயண பிள்ளை 1827-இல் தொடங்கிய மாரியம்மன் கோயில். மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தாரின் வட்டிக்கடைக் கிட்டங்கிகள் இருந்தன. இந்தியா எவ்வளவு பெரிது, இங்கே முதலில் கடை விரித்தது அதில் எவ்வளவு சின்னத் துண்டு!

இதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. 1980-இல் சீனா நான்கு சிறப்புப் பொருளாதார மண்டலங்களை அறிவித்தது: ஷென்ஜென், ஜூஹாய், ஷான்தோ, சியாமென். ஷான்தோ தியோச்சூக்காரர்களின் துறைமுகம், சியாமென் ஹொக்கியன்காரர்களுடையது. மற்ற இரண்டும் ஹாங்காங்குக்கும் மக்காவுக்கும் பக்கத்து வீடு. ஆள் வெளியேறிய வாசலிலேயே முதலீட்டுக்குப் பாய் விரித்தார்கள். நான்கும் ஒரேபோல் செழிக்கவில்லை, ஷான்தோ பின்தங்கியது. இருந்தாலும் கணக்கு கெட்டிக்காரத்தனமானது.

நகரத்தாரின் செட்டிநாட்டுக்கும் பணம் திரும்பத்தான் செய்தது. பர்மாத் தேக்குத் தூண்களாக நின்றது. கோயில் திருப்பணியாக, கல்லூரியாக ஆனது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகத்தையே கொண்டுவந்தார். ஆனால் கார்த் தொழிற்சாலைகள் ஸ்ரீபெரும்புதூரைத் தேடின. பெரிய துறைமுகமும் சாலையும் சென்னைப் பக்கம் இருக்க, அவை வேறெங்கே போகும்? ஒப்பீடு முழுக்க நியாயமில்லை, தெரியும். சீனாவில் மேலிடம் விரல் காட்டிய இடம் மண்டலமாகிவிடும். இருந்தும் கேட்காமல் இருக்க முடியவில்லை: சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரத்துப் பிள்ளைகள் அனுப்பும் வெள்ளி எத்தனை காலத்துக்கு வீடாகவும் நகையாகவும் மட்டுமே மாறும்? ஒருகாலத்தில் ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்தில் நின்று ஆளேற்றியது. இப்போது அந்த வேலையைத் திருச்சி விமான நிலையம் பார்க்கிறது.