உங்கட அப்கிரேட்டுக்கு ஆர் காசு கட்டுறது?

ஒரு ரேஸ் வகுப்புக்குப் புது இஞ்சின் வரப்போகுது எண்டு அறிவித்தவுடன், அதில் ஓடுகிற ஆட்கள் முணுமுணுக்கத் தொடங்குவார்கள். வெளியில் நிண்டு பார்க்கிற நாங்கள் உடனே தீர்ப்பு எழுதிவிடுவோம்: “பழசைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அழுறாங்கள்.” எங்கட பட்ச்சிலேயே ஃபோர்முலா வன் ஒண்டும் விடாமல் பார்க்கிற ஒருத்தன் இருக்கிறான். கூடக் குதிரைவலு, குறைந்த பாரம், இஞ்சினைக் கட்டுப்படுத்தக் கொம்பியூட்டர், இதையெல்லாம் வேண்டாம் எண்டு சொல்லுறவன் பிறகென்னத்துக்கு ரேஸுக்கு வந்தவன் எண்டு கேட்கிறான். அவனுக்கும் அவனைப்போல் கேட்கிற மற்றவர்களுக்கும்தான் இது. ஃபோர்முலா வன்னை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அங்கே இஞ்சின் பில் ஓட்டுகிறவன்ர வீட்டுக்கு வருவதில்லை. கிழமை நாளில் வேலைக்குப் போய், சனி ஞாயிறில் தன்ர சொந்தக் காசில் ஓடுகிறவனுக்கு வரும்.

ஃபோர்முலா ஃபோர்ட்டை எடுப்போம். 1967இல் இங்கிலாந்தின் பிரான்ட்ஸ் ஹட்ச் ஓடுபாதையில் இது தொடங்கியது. முழுக் காரும் 1,000 பவுணுக்குள் முடிய வேண்டும் எண்டதுதான் தொடக்க யோசனை. இரும்புக் குழாய்ச் சட்டம், இறக்கை கிடையாது, இஞ்சின் ரோட்டில் ஓடுகிற ஃபோர்ட் கோர்ட்டினாவினது. முதலில் 1500, பிறகு 1600 சிசி. அந்த இஞ்சின் குடும்பத்துக்குக் கென்ட் எண்டு பெயர். 1959இல் ஆங்கிலியா 105ஈ காரோடு வந்தது. ஆங்கிலியா எங்கட ரோட்டிலும் ஓடின கார்தான். வீட்டில் பெரியாக்களிடம் கேட்டுப் பாருங்கோ.

வார்ப்பிரும்பு புளொக், தள்ளுதண்டு வால்வு, ஒரு வெபர் கார்ப்பரேட்டர். ஒரு கராஜும் கொஞ்சப் பொறுமையும் இருந்தால் கழற்றிப் பூட்டலாம். இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளும் பழைய காரும் மண்ணெண்ணெயில் ஓடின கதையை நாங்கள் எல்லாரும் கேட்டு வளர்ந்தவர்கள். துளிப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானவுடன் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். அது முடிந்தது, கார்ப்பரேட்டர் இஞ்சின் என்ன செய்கிறது எண்டது ஓட்டுகிறவனுக்கும் மெக்கானிக்குக்கும் விளங்கினதால்தான். சென்சர் ஒண்டு பிழை சொன்னால் ஸ்டார்ட்டே ஆகாத இஞ்சினில் அந்த விளையாட்டு நடவாது. கென்ட் இஞ்சினை விட மாட்டம் எண்டு நிற்கிறவனுக்கு அந்தப் புளொக்கில் காதல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தன்ர கைக்கு அடங்குகிற ஒன்றை இன்னொருத்தன்ர கைக்கு மாற்றுகிறார்கள் எண்டது அவனுக்குத் தெரியும்.

1993இல் பிரித்தானியாவின் முதன்மைத் தொடர் செடெக் இஞ்சினுக்கு மாறியது. 1.8 லீற்றர், 16 வால்வு, எரிபொருள் இன்ஜெக்‌ஷன். கென்ட் ஏறக்குறைய 110 குதிரைவலு எண்டால் இது அதற்கு மேல். ஏன் மாற்றினார்கள்? ஷோரூமில் ஃபோர்ட் விற்றுக்கொண்டிருந்தது செடெக் கார்கள். ரேஸில் ஓடுவது தாத்தா காலத்து இஞ்சினாக இருந்தால் விளம்பரத்துக்கு உதவாது. நான் இதைச் சதி எண்டு சொல்லவில்லை, கம்பனி கம்பனியின் வேலையைச் செய்கிறது. ஆனால் அதை “விளையாட்டின் வளர்ச்சி” எண்டு பெயர் மாற்றி எங்களிடம் விற்கிற இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. பெரும்பாலானவர்களுக்கு அந்த “வளர்ச்சி”யின் பொருள், கையில் இருக்கிற காரை ஒதுக்கிவிட்டுப் புதுக் கார் வாங்கு எண்டதுதான்.

“செடெக்கால நல்லது நடக்கேல்லையோ?” எண்டு கேட்பீர்கள். நடந்தது. கோயம்புத்தூர்ப் பெடியன் நரேன் கார்த்திகேயன் 1994இல் பிரித்தானிய ஃபோர்முலா ஃபோர்ட் குளிர்காலத் தொடரை வென்றது அந்தக் காலத்தில்தான். 1996இல் ஃபோர்முலா ஃபோர்ட் ஃபெஸ்டிவலை மார்க் வெப்பர் வென்றார், 1998இல் ஜென்சன் பட்டன். மூன்று பேரும் ஃபோர்முலா வன் வரை போனவர்கள். ஆனால் ஒண்டைக் கவனியுங்கள். இவர்கள் ஃபோர்முலா ஃபோர்ட்டில் கொஞ்சக் காலம்தான் இருந்தார்கள், பிறகு மேலே ஏறிவிட்டார்கள். அவர்களுக்கு அது ஏணிப் படி. அதே வகுப்பில் பதினைஞ்சு, இருபது வருடமாக ஓடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். எங்கும் ஏறப்போகாத ஆட்கள். தச்சுத் தொழில், பள்ளிக்கூட வாத்தியார் வேலை எண்டு ஏதோவொண்டில் உழைத்து, மிச்சம் பிடித்த காசில் ரயர் வாங்குகிறவர்கள். அவர்களுக்கு அது வீடு. ஏறிப் போகிறவனுக்காக வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள், இருக்கிறவன் தலையில் செலவைக் கட்டுகிறார்கள். இதைச் சொன்னால் பழமைவாதி!

நானும் நீங்களும் இதை விளங்காமல் இருக்க நியாயமில்லை. 2020இல் வாகன இறக்குமதி நின்றதில் இருந்து 2025 வரை, இருந்த வாகனத்தை ஓவர்ஹோல் செய்து ஓட்டின நாட்டில் இருந்துகொண்டு, “புதுசு வாங்க வேண்டியதுதானே” எண்டு இன்னொருத்தனுக்குச் சொல்ல எங்களுக்கு எப்படி வாய் வருகுது?

பிறகு என்ன நடந்தது எண்டதையும் பார்ப்போம். 2006இல் செடெக்கையும் தூக்கிவிட்டு 1.6 டுராடெக் கொண்டுவந்தார்கள். 2012இல் அதையும் தூக்கிவிட்டு டேர்போ பூட்டின ஈக்கோபூஸ்ட். அடுத்த வருடம் இறக்கையும் பூட்டினார்கள். 2015இல் அந்த முதன்மைத் தொடர் வேறு பெயரில் ஃபோர்முலா 4 ஆக மாறி, ஃபோர்முலா ஃபோர்ட் எண்ட பெயரே அதில் இல்லாமல் போனது. ஏறக்குறைய இருபத்திரண்டு வருடத்தில் மூன்று “எதிர்காலம்”. கென்ட் கார்கள் எங்கே போயின? எங்கும் போகவில்லை. கிளப் ரேஸில் ஓடிக்கொண்டே இருந்தன, இண்டைக்கும் ஓடுகின்றன. 2001இல் இருந்து கென்ட் கார்களுக்கெண்டே சில்வர்ஸ்டோனில் வோல்டர் ஹேய்ஸ் டிராஃபி நடக்கிறது. ஒரே கிரிட்டில் கொள்ளாத அளவுக்குக் கார்கள் வருவதால் ஹீட், செமி, ஃபைனல் எண்டு பிரித்து ஓடுகிறார்கள். வோல்டர் ஹேய்ஸ் ஆர் எண்டால், ஃபோர்ட் கம்பனியின் மக்கள் தொடர்பு அதிகாரி. அதே 1967இல் ஃபோர்முலா வன்னுக்குள் வந்த கொஸ்வேர்த் டிஎஃப்வி இஞ்சினுக்கு ஃபோர்ட் காசு போட வைத்தவரும் அவர்தான். விளம்பரத்தை அவரை விட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு. அவர் பெயரில் நடக்கிற ரேஸில் கம்பனி கைவிட்ட இஞ்சின் ஓடுகிறது எண்டதை நினைக்க எனக்குச் சிரிப்பு வரும்.

முணுமுணுக்கிற எல்லாருக்கும் நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அமெரிக்காவில் 2010 அளவில் நடந்தது வேறு கதை. அங்கே கென்ட் புளொக் கிடைப்பது கஷ்டமாகிக்கொண்டு வந்தது. பழைய வார்ப்புகள் வெடிக்கும், திருப்பிக் கட்டுகிற செலவு ஏறும். ஹொண்டா ஃபிட் காரின் 1.5 லீற்றர் இஞ்சினை அதே வகுப்பில் ஓட அனுமதித்தார்கள். காற்று உள்ளே போகிற வழியில் ஒரு தடுப்பு வைத்து, வலுவைக் கென்ட் அளவுக்குக் குறைத்தார்கள். வகுப்பின் பெயரும் ஃபோர்முலா எஃப் ஆனது. உடனே சிலருக்குக் கண் சிவந்துவிட்டது: ஃபோர்ட் இல்லாமல் ஃபோர்முலா ஃபோர்டா?

இந்தக் கோபம் எனக்கு ஒரு சதத்துக்கும் பெறாது. பெயர்த்தகட்டைக் கும்பிடுகிற கோபம் இது. ஹொண்டா வந்ததால் கென்ட் வைத்திருந்தவன் காரை விற்க வேண்டி வரவில்லை. இரண்டும் ஒரே கிரிட்டில் நிண்டன. விரும்பினவன் மாறினான், விரும்பாதவன் இருந்தான். அதே காலப்பகுதியில் ஃபோர்ட்டும் கென்ட் புளொக்கைத் திரும்ப வார்த்து விற்க முன்வந்தது. இத்தனை வருடமும் முடியாமல் இருந்தது அப்போது மட்டும் எப்படி முடிந்தது எண்டு கேட்க ஆசைதான். தடுப்பின் அளவு சரியா, மெல்லிய ஹொண்டா வளைவில் முந்துகிறதா எண்டு அங்கே நடந்த சண்டை நியாயமான சண்டை. அது அளந்து பார்த்துத் தீர்க்கிற சண்டை. லோகோவுக்கு நடக்கிற சண்டையை எதை வைத்து அளப்பது?

அதே நாட்டில் ஸ்பெக் ரேசர் ஃபோர்ட் எண்டு இன்னொரு வகுப்பு. 1984இல் ரெனோ இஞ்சினோடு தொடங்கி, தொண்ணூறுகளில் 1.9 லீற்றர் ஃபோர்ட்டுக்கு வந்து, 2015 அளவில் மூன்றாம் தலைமுறை எண்டு 1.6 லீற்றருக்கு மாறியது. ஏறக்குறைய 105 குதிரைவலுவில் இருந்து 135க்கு. இங்கே காரணம் விளம்பரம் இல்லை. 1.9 இஞ்சினுக்குச் சாமான் கிடைப்பது குறைந்துவிட்டது. பழைய சட்டத்திலேயே புது இஞ்சினை ஏற்றலாம். சில வருடங்கள் பழையதும் புதியதும் தனித்தனி வகுப்பாக ஓடின. செடெக் செய்ததோடு ஒப்பிட்டால் இது மரியாதையான மாற்றம்.

ஆனால் இந்த இஞ்சின் சீல் வைத்தது. ஓட்டுகிறவன் திறக்கக்கூடாது, விற்கிற இடமும் ஒன்றுதான். சீல் ஏன் எண்டும் சொல்ல வேண்டும்: காசுள்ளவன் இஞ்சினுக்குள் கைவைத்து அரைச் செக்கன் வாங்குவதை அது தடுக்கிறது, ஏழை ஓட்டுநருக்கு அது பாதுகாப்பு. இதை நான் மறுக்கவில்லை. ஒரே இடத்தில்தான் வாங்கலாம் எண்டால் விலையையும் அந்த ஒரு இடம்தான் சொல்லும் எண்டதையும் மறுக்க முடியாது. அதனால் புது இஞ்சின் எண்டவுடன் அங்கே ஒருத்தன் எவ்வளவு வலு எண்டு கேட்பதற்கு முன்பே, “இது எத்தனை வருசம் நிற்கும்? அதுவரைக்கும் சாமான் தருவியளோ?” எண்டு கேட்டால், அவனைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது? அவன்ர முப்பது குதிரைவலு அவனுக்கு எதிரில் நிற்கிற எல்லாருக்கும்தான் கிடைக்கப்போகுது. எல்லாரும் ஒரே அளவு வேகமாகினால் ஒருத்தனும் முன்னுக்கு வரப்போவதில்லை, எல்லாருக்கும் பில் மட்டும் வரும்.

ஆகவே மச்சான், அடுத்த முறை “அழுறாங்கள்” எண்டு சொல்ல வாயெடுக்க முன்னம் மூண்டு விசயம் கேட்டுப் பார். பழைய கார் அதே கிரிட்டில் நிற்கலாமோ? புது இஞ்சினை ஆர் திறக்கலாம்? வாக்கெடுப்பில் கை தூக்கினவர்களில் எத்தனை பேர் அடுத்த வருடமும் அந்த வகுப்பில் ஓடப்போகிறவர்கள்? பதில் தெரிஞ்சால் வா, கன்ரீனில் இருந்து கதைப்பம். தேத்தண்ணி என்ர கணக்கு.