படமும் பணமும்

மதுரை ஜில்லாவின் வறண்ட பூமியில் ஒரு தகப்பனும் மகனும் கொளுத்தும் வெயிலில் நடந்து செல்வதைக் காட்டிய ‘கூழாங்கல்’ என்னும் தமிழ்ப் படம், 2021-ம் வருஷம் ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் திரைப்பட விழாவில் தலையாய பரிசாகிய புலி விருதைப் பெற்றது. அதே வருஷம் ஆஸ்கார் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்ட படமும் அதுவே. இவ்வளவு கீர்த்தி பெற்ற படத்தைத் தமிழ் ஜனங்கள் காண்பதற்கு 2023 அக்டோபர் வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்பொழுதும் அது வந்து சேர்ந்தது ஊர்க் கொட்டகைக்கல்ல. வீட்டிலிருந்தபடியே சந்தா கட்டிப் பார்க்கும் ஓ.டி.டி. திரைக்கே. அயலூரார் மாலையிட்டுப் போற்றிய பிள்ளைக்குச் சொந்த ஊரில் திண்ணைகூடக் கிடைக்கவில்லை என்பதை நினைக்கும்போது, நம்முடைய சினிமாத் தொழிலின் அமைப்பைப்பற்றிச் சிந்தியாமல் இருக்க முடியவில்லை.

நம்மிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் மூலதனத்துக்குத்தான்; அதிலும் நேர்மையான வட்டிக்கு, நிபந்தனையின்றிக் கிடைக்கும் மூலதனத்துக்கு. பிரபல நடிகரின் பெயரையோ, பெரிய கம்பெனியின் பலத்தையோ நம்பாமல், தாம் கண்ட வாழ்க்கையைத் தாம் கண்டபடியே படமாக்க முற்படுகிறவர்களைச் சுயேச்சைப் படக்காரர்கள் என்று சொல்லலாம். இவர்களுக்குப் பணம் எங்கிருந்து வரும்? சினிமாவின் எதிர்காலம் இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

முன்பெல்லாம் ஸ்டூடியோ முதலாளிகளே படத்துக்கு மூலதனம் போட்டார்கள். ஜெமினி, ஏ.வி.எம்., மாடர்ன் தியேட்டர்ஸ் போன்ற ஸ்தாபனங்களில் இடமும் யந்திரமும் ஆட்களும் சம்பளமும் ஒரே கணக்கில் அடங்கியிருந்தன. ஒரு படத்தில் வந்த நஷ்டத்தை மற்றொரு படத்தின் லாபம் ஈடுகட்டிற்று. அந்த ஏற்பாடு தளர்ந்த பிறகு, ஏரியா ஏரியாவாகப் படத்தை வாங்கும் விநியோகஸ்தர்கள் மினிமம் கியாரண்டி என்ற பெயரில் முன்பணம் கொடுத்தார்கள். அவர்கள் பணம் கொடுத்தது கதைக்கல்ல, நடிகரின் முகத்துக்கு. முகமில்லாத படம் லேவாதேவிக்காரனின் வாசலில் போய் நின்றது.

இந்த லேவாதேவியின் முறையை வாசகர்கள் அறிந்துகொள்வது நலம். கடன் கொடுத்தவர், பிலிம் காலத்தில், படத்தின் நெகடிவ் இருக்கும் லாபரட்டரியில் தம் உரிமையைப் பதிவு செய்துகொள்வார். அவருடைய சம்மதக் கடிதமின்றிப் பிரதி வெளியே வராது. இப்பொழுது பிலிம் போய் டிஜிடல் வந்துவிட்டது. படத்தைத் திறக்கும் சாவி எண் முன்னாள் கடிதத்தின் ஸ்தானத்தை வகிக்கிறது. விடிந்தால் படம் வெளியாக வேண்டும். இரவெல்லாம் பாக்கிக் கணக்கைப்பற்றிய பேரம் நடக்கும். காலையில் ஜனங்கள் டிக்கெட்டுடன் நிற்க, ‘காட்சி ரத்து’ என்று பலகை தொங்கும். இரண்டு வருஷ உழைப்பின் மானம் ஓரிரவுப் பேரத்தில் தொங்குகிறது. 2017 நவம்பரில் சென்னையில் ஒரு தயாரிப்பாளர், வட்டிக் கொடுமையைக் கடிதமாக எழுதிவைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அதிக வட்டியைத் தடுக்கும் சட்டம் நமது ராஜ்யத்தில் 2003-ம் வருஷமே இயற்றப்பட்டது. சட்டம் இருந்தும் அவர் மாண்டார். வேறு இடத்தில் கடன் கிடைக்காதவனைச் சட்டப் புஸ்தகம் மட்டும் காப்பாற்றிவிடாது என்பதற்கு இதைவிடக் கொடிய அத்தாட்சி வேண்டியதில்லை.

பாங்குகள் இல்லையா என்று கேட்கலாம். 1998-ல் மத்திய சர்க்கார் சினிமாவுக்குத் தொழில் அந்தஸ்து அளிப்பதாக அறிவித்தது. கறுப்புப் பணமும் கந்துவட்டியும் ஒழியுமென்று அனைவரும் மகிழ்ந்தனர். ஆனால் பாங்கிக்காரர் கேட்பது ஜாமீன். வீடோ நிலமோ உள்ளவனுக்குக் கடன் உண்டு. எழுதி முடித்த கதையும் பிடிக்கப்போகும் படமும் அவர் பார்வையில் ஆகாயத் தாமரை. இதில் அவரை முற்றும் குறை கூறவும் இடமில்லை. வரவு செலவை ஒழுங்காக எழுதாத தொழிலில், கொட்டகை வசூல் இன்னதென்று தயாரிப்பாளருக்கே நிச்சயமாகத் தெரியாத தொழிலில், பிறருடைய டிபாஸிட்டை யார் துணிந்து இறக்குவார்கள்?

நிற்க, சர்க்கார் மூலதனம் என்ன செய்தது என்று பார்ப்போம். ‘பதேர் பாஞ்சாலி’யைத் தொடங்கிய சத்யஜித் ராய், தம் இன்ஷியூரன்ஸ் பாலிஸியையும் மனைவியின் நகைகளையும் பணமாக்கியும் படம் பாதியில் நின்றுபோயிற்று. மேற்கு வங்காள சர்க்கார் பணம் கொடுத்த பிறகே 1955-ல் படம் வெளிவந்தது. சினிமாவுக்கென்று தலைப்பில்லாத பட்ஜெட்டில் அந்தத் தொகை சாலை அபிவிருத்திக் கணக்கில் எழுதப்பட்டதாம். ‘பாதையின் பாட்டு’ என்று பொருள்படும் படத்துக்குச் சாலைக் கணக்கு பொருத்தமே! வேடிக்கை ஒருபுறமிருக்க, உலகத்துக்கு இந்தியாவின் கிராமத்தைக் காட்டிய படம் ஒரு குமாஸ்தாவின் பேரேட்டுத் தந்திரத்தால் பிழைத்தது என்பது நம் ஏற்பாடுகளுக்குப் பெருமையல்ல.

1949-ல் நியமிக்கப்பட்ட எஸ்.கே. பாட்டீல் கமிட்டி, படத் தொழிலுக்குக் கடனுதவும் ஸ்தாபனம் ஒன்று வேண்டுமென்று 1951-ல் சிபார்சு செய்தது. அந்தச் சிபார்சு நிறைவேற ஒன்பது வருஷம் பிடித்தது. 1960-ல் பிலிம் பைனான்ஸ் கார்ப்பொரேஷன் ஏற்பட்டது. அதன் கடனால் மிருணாள் ஸென்னின் ‘புவன் ஷோம்’ 1969-ல் வெளிவந்து, புதிய சினிமாவுக்கு வாசல் திறந்தது. 1975-ல் அமைக்கப்பட்ட தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகம் பிற்பாடு அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. இந்த ஸ்தாபனங்கள் செய்த நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவை ஒரு விஷயத்தை மறந்துவிட்டன. பயிரிடக் கடன் கொடுத்தவர்கள் விளைந்ததை விற்கச் சந்தை ஏற்படுத்தவில்லை. நல்ல படங்கள் பல டப்பாக்களிலேயே உறங்கின. கடன் திரும்பவில்லை. கடன் திரும்பாததைக் காரணங்காட்டி, நல்ல படம் எடுப்பதே வீண் செலவு என்ற அபிப்பிராயம் வலுப்பெற்றது. கொட்டகை கிடைக்காத குற்றம் கலையின் தலையில் சுமத்தப்பட்டது.

இப்பொழுது தொழிலே தலைகீழாக மாறிவிட்டது. முற்காலத்தில் பிலிம் சுருளின் விலையே சிறு முதலாளியைப் பயமுறுத்திற்று. இன்று காமிரா மலிந்துவிட்டது. படம் பிடிப்பது எளிது. அதைத் திரைக்குக் கொண்டுவருவதுதான் பிரம்மப் பிரயத்தனமாகிவிட்டது. கொட்டகையில் டிஜிடல் யந்திரத்தின் உபயோகத்துக்குத் தயாரிப்பாளர் செலுத்தவேண்டிய கட்டணத்தை எதிர்த்து, 2018 மார்ச் முதல் தேதி தொடங்கி ஏறத்தாழ ஏழு வாரம் தமிழ்ப் படவுலகமே வேலை நிறுத்தம் செய்தது நினைவிருக்கலாம். நாலு காட்சியும் நிறைந்து ஓடும் படத்துக்கு அந்தக் கட்டணம் தூசு. காலை ஒரு காட்சி மட்டும் பெற்ற சின்னப் படத்துக்கு அது மலை. விளம்பரச் செலவும் அப்படியே.

டெலிவிஷன் கம்பெனிகள் சில காலம் சிறு படங்களையும் விலைக்கு வாங்கின. பிறகு கையைச் சுருக்கிக்கொண்டன. 2020-ல் கொள்ளைநோய் பரவிக் கொட்டகைகள் அடைபட்டபோது ஓ.டி.டி. கம்பெனிகள் ஆபத்பாந்தவனாகத் தோன்றின. அந்த வருஷம் மே மாதம் ‘பொன்மகள் வந்தாள்’ கொட்டகையைத் தொடாமல் நேராக வீட்டுத்திரைக்கு வந்தது, கொட்டகைக்காரர்கள் கொதித்தெழுந்தனர். இனிச் சிறு படத்துக்குக் கஷ்டகாலம் தீர்ந்தது என்று பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. இந்தக் கம்பெனிகளும் பெரிய நடிகர்களின் படங்களுக்கே பெரும் விலை கொடுக்கின்றன. வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்ற நியதி இங்கும் மாறவில்லை. முன்னே ஊர் விநியோகஸ்தரிடம் நேரில் வழக்காடலாம். இப்பொழுது வாங்குகிறவர் கடல் கடந்த ஊரில் இருக்கிறார், அவருடைய கணக்கோ நம் கண்ணுக்கே தெரிவதில்லை.

ஆகையால் முதலாளியையும் சர்க்காரையும் மட்டும் நம்பிக்கொண்டிராமல், பொதுஜனங்களின் பணத்தைப்பற்றியும் நாம் யோசிக்கவேண்டும். இதற்கு நம் தேசத்திலேயே முன்மாதிரிகள் உண்டு. 1976-ல் ஷியாம் பெனகல் எடுத்த ‘மந்தன்’ என்னும் படத்துக்குக் குஜராத் பால் கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த ஐந்து லட்சம் குடியானவர்கள் ஆளுக்கு ரூ. 2 கொடுத்தார்கள். பத்து லட்சம் சேர்ந்தது. படம் வெளியானதும், நாம் எடுத்த படம் என்று அவர்கள் கிராமம் கிராமமாக வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். முதல் போட்டவர்களே ரசிகர்கள், ரசிகர்களே சொந்தக்காரர்கள்! மலையாளத்தில் ஜான் ஆபிரகாமும் அவருடைய தோழர்களும் ‘ஒடேஸா’ என்ற குழுவை அமைத்து, ஊர் ஊராகச் சென்று, படம் காட்டியும் பறை கொட்டியும் சில்லறை திரட்டி, 1986-ல் ‘அம்ம அறியான்’ படத்தை முடித்தார்கள். தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்த ஜான்தான் அவர். கன்னடத்தில் பவன் குமாரின் ‘லூசியா’ படத்துக்கு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இன்டர்நெட் வழியாகச் சுமார் 50 லட்சம் கொடுத்து உதவ, படம் 2013-ல் வெளிவந்தது. சிறு துளி பெரு வெள்ளம் என்பது இம்மூன்றிலும் கண்கூடாயிற்று.

ஆனால் உற்சாகத்தில் சட்டத்தை மறந்துவிடக்கூடாது. 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி ஒரு பிரைவேட் கம்பெனி பொதுஜனங்களை அழைத்துப் பங்கு விற்க முடியாது. தனி முறையில் பங்கு கொடுப்பதற்கும் வருஷத்துக்கு 200 பேர் என்ற வரம்பு உண்டு. லாபப் பங்கு தருவதாக வாக்களித்து ஆயிரம் பேரிடம் பணம் வாங்குகிற இளைஞர், நல்ல எண்ணத்துடனேயே வழக்கில் சிக்கிக்கொள்ளக்கூடும். அதனாலேயே கூட்டுறவுச் சங்க முறையை நாம் வற்புறுத்துகிறோம். 1904-ல் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை கண்ட நாடு இது. அரிசி பருப்புக்கு ஆகிற முறை படத்துக்கு ஆகாதா? 1983-ம் வருஷத்துத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின்கீழ் படக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று பதிவாகட்டும். அங்கத்தினர் தலைக்கு ஒரு சிறு பங்கு. வருஷத்துக்கு இரண்டு மூன்று படங்கள். ஆடிட் செய்த கணக்கு அங்கத்தினர் அனைவருக்கும். ஒரே படத்தில் எல்லாப் பணத்தையும் இறக்காதிருந்தால் ஒன்றின் நஷ்டம் மற்றொன்றைக் கொல்லாது.

சர்க்காருக்கும் கடமை உண்டு. ‘சோற்றுக்கில்லாத நாட்டில் படத்துக்கு வரிப்பணமா?’ என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஏழையின் வரியில் கை வைக்கும்படி நாம் சொல்லவில்லை. சினிமாவின் பணத்திலிருந்தே சினிமாவுக்கு ஒரு பங்கு ஒதுக்கும்படிதான் கேட்கிறோம். பிரான்ஸ் தேசத்தில் விற்கும் ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலும் நூற்றுக்குச் சுமார் 10.7 பங்கு, 1946-ல் ஏற்பட்ட தேசிய சினிமா நிலையத்துக்குச் செல்கிறது. டெலிவிஷன் கம்பெனிகளும் ஓ.டி.டி. கம்பெனிகளும் அதற்குப் பணம் கட்டுகின்றன. அமெரிக்கப் படத்துக்கு விற்கும் டிக்கெட்டே பிரெஞ்சுப் படத்துக்கு மூலதனமாகிறது. பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்’, 2024-ல் கான் விழாவில் இரண்டாவது பெரும் பரிசைப் பெற்றபோது நாம் மார்தட்டிக்கொண்டோம். அந்தப் படம் பிரான்ஸ் முதலிய ஐரோப்பிய தேசங்களின் கூட்டுத் தயாரிப்பு என்பதையும் சேர்த்து நினைத்திருக்க வேண்டும். பம்பாய் நர்ஸுகளின் கதைக்குப் பாரிஸில் பணம் தேட வேண்டியிருக்கிறது! நம் நாட்டிலோ ஜி.எஸ்.டி.க்கு மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் 2017 முதல் டிக்கெட்டில் சேருகிறது. புதிய வரி வேண்டாம். வாங்குகிற வரியில் ஒரு சிறு பகுதியைச் சுயேச்சைப் படங்களுக்கான நிதியாக ஒதுக்கினால் போதும்.

அந்த நிதியிலும் இரண்டு நிபந்தனைகள் அவசியம். முதலாவது, கடனுடன் கொட்டகையும் கிடைக்கவேண்டும். கேரள ராஜ்யத்தின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் சொந்தத்தில் கொட்டகைகள் நடத்துகிறது. 2024 மார்ச்சில் ‘ஸி ஸ்பேஸ்’ என்ற ஓ.டி.டி. நிலையத்தையும் தொடங்கிற்று. நமது ராஜ்யமோ சிறு படங்களுக்கு மானியம் அளிப்பதுடன் திருப்தியடைந்துவிடுகிறது. படம் முடிந்தபின் கிடைக்கும் மானியம், தாகத்தால் மாண்டவனுக்கு வைக்கும் தண்ணீர். ஜில்லாத் தலைநகர்தோறும் ஒரு திரையில் தினம் ஒரு மாலைக் காட்சியாவது இத்தகைய படங்களுக்கு உறுதி செய்யப்படவேண்டும். இரண்டாவது, பணம் கொடுக்கும் சர்க்கார் கதையில் கை வைக்கக்கூடாது. தணிக்கைக்கு ஏற்கெனவே ஒரு ஸ்தாபனம் இருக்கிறது. அது போதாதென்று நிதிக் கமிட்டியும் கத்தரிக்கோலைத் தூக்குமானால், லேவாதேவிக்காரனிடமிருந்து தப்பிய கலைஞன் மந்திரியின் வாசலில் கைகட்டி நிற்பான். எஜமானன் மாறுவது விடுதலையாகாது. ஆகவே நிதியைப் பங்கிடும் பொறுப்பு, குறித்த காலத்துக்கு நியமிக்கப்படும் சுதந்திரமான கமிட்டியிடம் இருக்கவேண்டும். அதன் தீர்மானங்கள் காரணங்களுடன் பிரசுரிக்கப்படவேண்டும்.

சுயேச்சைப் படக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜனங்களுக்கு விளங்காததே கலை என்ற மமதை வேண்டாம். பிறர் பணத்தைக் கையாளுகிறவன் காலணாவுக்கும் கணக்குக் காட்டவேண்டும். பரிசு கிடைக்கும் தூரதேசத்து விழாவைவிட, பக்கத்து ஊர்ச் சந்தையில் கூடும் ஜனங்களிடம் படத்தைக் கொண்டு செல்வதே பெரிய வெற்றி.

இறுதியில் பொறுப்பு நம்முடையதே. தமிழில் நல்ல படமே வருவதில்லை என்று அங்கலாய்க்கும் வாசகர்கள், நல்ல படம் கொட்டகையை எட்டிப்பார்த்த வாரத்தில் தாம் எங்கே இருந்தார்கள் என்று தங்களையே கேட்டுக்கொள்ளவேண்டும். குஜராத் குடியானவன் பால் விற்ற காசில் இரண்டு ரூபாயை எடுத்துக் கொடுத்து, தன் வாழ்க்கையைத் தானே திரையில் கண்டான். தமிழ் ஜனங்களுக்கு அந்த இரண்டு ரூபாய் இல்லையா? இருக்கிறது. கேட்பதற்கு ஒழுங்கான சங்கமும், காட்டுவதற்கு ஒரு திரையும் வேண்டும். இவ்விரண்டையும் ஏற்படுத்தப் படத் தொழிலாளரும் வக்கீல்களும் கூட்டுறவு ஊழியர்களும் உடனே கூடி வேலையைத் தொடங்குவார்களென்று எதிர்பார்க்கிறோம்.